ஏழு எண்ணும் வரை

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது, அதில் குணாளனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, முப்பது வருஷம் முதலாளிகளின் வரவேற்பறைகளில் காக்க வைக்கப்பட்ட உடம்பு அது, எந்த நாற்காலியில் எப்படிச் சாய்ந்தால் இடுப்பு பிடிக்காது என்று அதற்கே தெரியும். ஆனால் இங்கே நாற்காலி இல்லை. பூசணிக்காய் மாதிரி ஒரு பெரிய மெத்தைப் பைதான் இருந்தது, உட்கார்ந்ததும் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டது, முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன. இதில் உட்கார்ந்துகொண்டு எவனும் கோஷம் போட முடியாது, மூச்சு வயிற்றிலிருந்து எழும்பாது, அதற்காகவே வாங்கிப் போட்டிருப்பார்களோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். கழுத்தில் அட்டை தொங்கியது, விருந்தினர் என்று போட்டிருந்தது, விருந்தினராம், கீழே அந்தக் காவலாளி கையெழுத்து வாங்கும்போது எத்தனை மணி நேரம் ஷிப்ட் என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது, “பன்னெண்டு சார், மாத்து ஆள் வரலைன்னா இருபத்தினாலு” என்றான் அவன், உடனே சட்டைப்பைக்குக் கை போயிற்று, பேனாவுக்கு, குறித்துக்கொள்ள, பேர் என்ன தம்பி என்று கேட்க. கேட்கவில்லை. தமயந்தி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள், “மாமா, அங்க போய் யாரையும் சங்கத்துல சேர்க்காதீங்க, வேலையில சேருங்க.” அக்கா மகள், இந்தப் பழைய மகாபலிபுரம் சாலையில்தான் வேறொரு கண்ணாடிக் கட்டடத்தில் படம் வரைகிற வேலை, போனில் நாம் தொடுகிற பொத்தான்களையெல்லாம் அவள் மாதிரி ஆட்கள்தான் வரைகிறார்களாம். அவள்தான் இந்த விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். “இது உங்க வேலைதான் மாமா. ஜனங்ககிட்டப் போய் உக்காந்து, பேச வச்சு, கேட்டு எழுதணும். இதுக்கு யூசர் ரிசர்ச்னு பேரு.” இதற்கா சம்பளம் தருகிறார்கள் என்றார். “தராங்க. நீங்க முப்பது வருஷமா சும்மா பண்ணதுக்கு.” அவளே உட்கார்ந்து அவருடைய வாழ்க்கையை இரண்டு பக்க இங்கிலீஷில் எழுதினாள். வாயிற்கூட்டம் குழு நேர்காணல் ஆயிற்று. நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் நீண்டகாலக் கள ஆய்வு ஆயிற்று. போலீஸ் தடியடி மட்டும் எதுவாகவும் ஆகவில்லை, அதை விட்டுவிட்டாள். போனில் இரண்டு முறை பேசினார்கள், இரண்டிலும் தேறிவிட்டார், மூன்றாவது இது, நேரில், செய்து காட்ட வேண்டும். தேறினால் கொரட்டூரில் அக்கா வீட்டு மாடி அறையைக் காலி செய்யலாம். அக்கா ஒரு நாளும் தட்டில் சோறு வைக்கும்போது முகம் சுளித்ததில்லை, சுளித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டுவிட்டு வெளியேறியிருக்கலாம். ஆனால் மாடி அறை அல்ல விஷயம். ஐம்பத்து நாலு வயதில் யாராவது ஒருவர், சங்கத்துக்காரர் அல்லாத ஒருவர், படித்த ஒருவர், உமக்கு ஒரு தொழில் தெரியும் ஐயா என்று சொல்ல வேண்டும். ஃபிட்டர் வேலை போய் இருபத்தேழு வருஷம் ஆகிறது. சங்கம் இரண்டாக உடைந்து, நாலாக உடைந்து, இப்போது லெட்டர்பேடில் மட்டும் இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, எவனையும் பேச வைத்துவிடுவார். அதுதான் தொழில். அதை நினைக்கும்போதே அந்த இன்னொரு நினைப்பும் கூடவே வந்து நின்றது, எப்போதும் வருவது, கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள் மாதிரி, சரி, நீ நில், இன்றைக்கு மட்டும் வெளியே வராதே.

“குணாளன் சார்? ஸாரி, ரொம்ப நேரம் காக்க வச்சுட்டோம். நான் ஸ்ரீநிதி.” முப்பது வயதுக்கு மேல் இராது, காலில் ரப்பர் செருப்பு, எழுந்திருக்கப் பார்த்தார், பை விடவில்லை, அவள் கை நீட்டினாள், அந்தக் கையைப் பிடித்துத்தான் எழுந்திருக்க வேண்டியிருந்தது, எந்த முதலாளியின் கையையும் பிடித்து எழுந்ததில்லை என்று பொதுக்கூட்டங்களில் சொன்ன வாய் மூடிக்கொண்டது. ஆனால் இவள் முதலாளி இல்லையே, இவளும் மாதச் சம்பளம்தான், கழுத்தில் இவளுக்கும் அட்டை. உள்ளே கண்ணாடி அறை, குளிர், முதுகில் வியர்வை சட்டென்று ஜில்லிட்டது. இன்னொரு ஆள் மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், நிகில், ஆப்பைப் பார்த்துக்கொள்கிறவன். “இங்க சார் எல்லாம் கிடையாது, பேர் சொல்லியே கூப்பிடுங்க” என்றான், சொல்லிவிட்டு அவனே சார் என்றான். வீடு பெருக்க, பாத்திரம் தேய்க்க, சமைக்கப் பெண்களை ஆப் மூலம் அனுப்புகிற கம்பெனி. நகரம் முழுக்க நாலாயிரம் பெண்கள். அவர்களை வேலைக்காரர்கள் என்று சொல்ல மாட்டார்களாம், பார்ட்னர் என்றுதான் சொல்வார்களாம். கூட்டாளி. லாபத்தில் கூட்டு இல்லை, கூட்டுகிறதில் மட்டும் கூட்டு, இது நல்ல வரி, துண்டறிக்கைக்கு ஆகும், வேண்டாம், பேசாமல் இரு. “உங்களால மறக்கவே முடியாத ஒரு இன்டர்வியூ சொல்லுங்க” என்றாள் ஸ்ரீநிதி. தயாராக வைத்திருந்ததைச் சொன்னார், கேண்டீன் சாம்பார் கதை, சாம்பார் சரியில்லை என்று அறுபது பேர் எழுதிக் கொடுத்தார்கள், உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டால் சாம்பாரில் ஒன்றுமில்லை, வரிசையில் நின்று தட்டு வாங்கும்போது சங்கு ஊத ஆறு நிமிஷம்தான் இருக்கும், ஆறு நிமிஷத்தில் எதை விழுங்கினாலும் அது சரியில்லாமல்தான் இருக்கும். ஸ்ரீநிதியின் முகம் மலர்ந்தது. நிகிலைப் பார்த்தாள், பார்த்தியா என்கிற மாதிரி. “எப்படி சார் அதை வெளிய கொண்டுவந்தீங்க?” சும்மா இருந்துதான் என்றார். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், மனசுக்குள் ஏழு எண்ண வேண்டும், ஏழு எண்ணுகிற வரைக்கும் தாங்கிக்கொள்ள எந்த மனுஷனாலும் முடியாது, ஐந்தில் வாய் திறந்துவிடுவான், கேள்விக்கு வருகிற முதல் பதில் உங்களுக்காகச் சொல்வது, ஐந்துக்கு மேல் வருவதுதான் அவனுடையது. ஸ்ரீநிதி அதை எழுதிக்கொண்டாள். அவர் சொன்னதை அவள் எழுதிக்கொண்டாள். நெஞ்சு விம்மியது, வெட்கமில்லாமல் விம்மியது, ஆலை வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் தானாகக் கண்டுபிடித்த ஒன்று இதோ ஒரு நோட்டில் ஏறுகிறது. படித்தவர்களிடம் இதற்கும் ஒரு பெயர் இருக்கும், பெயர் வைத்தவுடன் அவர்கள் சொத்தாகிவிடும், ஆகட்டும், பெஞ்சில் முதன்முதலாக அப்படி ஏழு வரை எண்ணியபோது எதிரே உட்கார்ந்திருந்தவள், நில், வராதே என்றேனே.

நிகில் திரையைத் திருப்பிக் காட்டினான். “இதுதான் சார் பிரச்சனை. மத்தியானம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும், ஒரு வீட்டுலேருந்து அடுத்த வீட்டுக்குப் போற நேரம் டபுள் ஆகுது. மேப்ல பாருங்க, நிக்கல, போயிட்டேதான் இருக்காங்க. ஆனா சுத்திச் சுத்திப் போறாங்க. கேட்டா டிராஃபிக்ங்கறாங்க. மத்தியானம் ஏது சார் டிராஃபிக்?” பச்சைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஒரே தெருக்களைச் சுற்றின, நாலு புள்ளி, அப்புறம் அஞ்சு, கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒன்றாகவே போயின. “இப்ப ஒரு பார்ட்னர் வந்திருக்காங்க, பதினஞ்சு நிமிஷம் நீங்க பேசணும், நாங்க பக்கத்து ரூம்லேருந்து கேமராவுல பாப்போம். இதுக்கு என்ன காரணம்னு வெளிய வந்தா போதும். அதுதான் டெஸ்ட்.” ஸ்ரீநிதி ஒரு தாளை நீட்டினாள். “நோட்ஸ்ல பேர் எழுத வேண்டாம் சார். பி ஒன்னுன்னு போட்டாப் போதும். அவங்க நம்மகிட்டச் சொன்னது அவங்களுக்கே எதிரா போகக்கூடாது இல்லையா? அதுதான் எங்க முதல் ரூல்.” அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். பேர் எழுத வேண்டாம். குணாளன் தாளை வாங்கிக்கொண்டார். பேர் எழுத வேண்டாம் என்று ஒரு விதி இருந்திருக்கிறது. உலகத்தில் எங்கேயோ இருந்திருக்கிறது. அவருடைய விதி நேர் எதிர், பெயரில்லாத புகார் மொட்டைக் கடிதம், மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் கோழை, தொழிலாளி நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொல்லிப் பேசுவான், இதெல்லாம் அவரே எழுதி அச்சடித்து வாசலில் நின்று விநியோகித்தது, சிவப்பு மையில், கைதட்டலும் வாங்கியது. பெயரும் டோக்கன் நம்பரும் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டார். ரோஸ்லின், டோக்கன் 418, மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றும் பிரிவு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரை இழுத்து இழுத்துத் தோழர் என்பாள், தோ...ழர், பாதி கிண்டல், பாதி என்னவென்று அவர் கேட்டதில்லை, எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்டவர் அதை மட்டும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்று நாற்பது காயில் எப்படி முடிகிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு ஏழு எண்ணினார். ஐந்தில் அவள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். “இதான் தோழர் ரகசியம். மூடியைத் திறந்தா மெஷின் நின்னுடும்ல, அந்த சுவிட்சுல இதைச் சொருகிட்டா நிக்காது. மூடாமலே ஓட்டலாம். எல்லாரும் அப்படித்தான். இல்லன்னா நூறுகூடத் தாண்டாது.” சிரித்தாள். ஒரு பக்கத்து முடி கன்னத்தில் விழுந்திருந்தது. எழுதிக்கொண்டார். பெயர், நம்பர், வாக்குமூலம். ஒன்பது பெண்கள், ஒன்பது பெயர், ஒன்பது நம்பர், கோரிக்கை மனுவின் இரண்டாம் பின்னிணைப்பு. இலக்கு எவ்வளவு கொடூரமானது என்றால் எங்கள் பெண்கள் உயிரைப் பணயம் வைத்துப் பாதுகாப்பு சுவிட்சைக் கட்டிப் போட்டு ஓட்டுகிறார்கள் என்று சமரச அதிகாரி முன்னால் மேஜையில் தட்டிப் படித்தார். மேனேஜர் குறுக்கிடவே இல்லை. ஒரு விரலால் பக்கத்தைத் திருப்பி, பெயர்களைப் பார்த்து, ஒரு நகல் கிடைக்குமா என்று மட்டும் கேட்டான். கொடுத்தார். தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் குற்றப்பத்திரிகை வந்தது, தங்கள் சங்கமே சமர்ப்பித்த ஆவணத்தின்படி, பாதுகாப்புச் சாதனத்தைச் சேதப்படுத்தியதாக ஒப்புக்கொண்ட கீழ்க்காணும் தொழிலாளர்கள். உள்விசாரணை என்று ஒரு நாடகம். ஒன்பது பேரும் வெளியே. அதற்காகத்தான் நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம், அதில் அவரும் வெளியே, அவர் தியாகி ஆனார், மாலை போட்டார்கள், அந்த ஒன்பது பேருக்கு யார் மாலை போட்டது. ரோஸ்லினை எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை, பாடி பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷின், அங்கே கட்டிப் போட சுவிட்சும் இல்லை, மூடியும் இல்லை. வலது கையில் மூன்று விரல் போயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, அட மடையா, இடது கையால் எப்படி உரிப்பாள். அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. “நீங்க கேட்டீங்கன்னுதான் தோழர் சொன்னேன்” என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீங்க கேட்டீங்கன்னுதான். இருபத்தேழு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் எதிலும் எழுதியதில்லை. எத்தனை துண்டறிக்கை எழுதினார். “சார், ஆர் யூ ஓகே?” ஸ்ரீநிதி. ஓகே என்றார்.

பார்ட்னர் யசோதாவாம், பெரும்பாக்கம் குடியிருப்பு, ஆறாவது மாடி, லிப்ட் ஓடாதாம், நாற்பது வயதிருக்கும், கம்பெனி கொடுத்த நீல டீ ஷர்ட்டைச் சேலைக்கு மேலேயே போட்டிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, ஜவுளிக்கடை பெயர் போட்டது, அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சுவர் மூலையில் கறுப்பாக ஒரு கண், கேமரா. குணாளன் பேனாவை மூடி வைத்தார், எதிரில் இருப்பவர் பேச வேண்டுமானால் முதலில் பேனாவை மூட வேண்டும், அதுவும் அவர் கண்டுபிடித்ததுதான். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீங்க, என்ன சமைச்சீங்க, சின்னவனுக்கு எந்தப் பள்ளிக்கூடம். “இன்னாண்ணா, மாப்ள வீட்டுக்காரன் மாதிரி கேக்குற” என்று சிரித்தாள். சிரித்தால் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அஞ்சு நிமிஷத்தில் அவள் புருஷன் குடித்துவிட்டுப் படியில் விழுந்தது, ஒரு வீட்டு அம்மா டம்ளரைத் தனியாக வைத்தது, ஆப்பில் கொடுக்கிற நட்சத்திரம் ஒன்று குறைந்ததற்கு மூன்று நாள் தூங்காதது எல்லாம் வந்துவிட்டது. நன்றாகப் போகிறது, அருமையாகப் போகிறது, அடுத்த அறையில் ஸ்ரீநிதி எழுதிக்கொண்டிருப்பாள். அப்போது பை நடுங்கியது. போன். அவள் முழங்கையால் அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி, ஆனால் இது வேறு இடம், பையின் இடது பக்கம், வேறு மாதிரியான நடுக்கம், அப்புறம் அடியிலிருந்து இன்னொன்று. மூன்று போன். இல்லை, நாலு. குணாளனுக்கு முதுகுத்தண்டு நேரானது. பச்சைப் புள்ளிகள், நாலு புள்ளி, ஒட்டிக்கொண்டு ஒரே தெருக்களில் சுற்றுகிற கோழிக்குஞ்சுகள். அட. அட என் தங்கங்களா. ஒருத்தி எல்லார் போனையும் பையில் போட்டுக்கொண்டு சுற்றுகிறாள், மற்றவர்கள் எங்கேயோ ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், காலை நீட்டுகிறார்கள், ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள், நாளைக்கு வேறொருத்தி முறை. எந்தச் சங்கமும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தத் துண்டறிக்கையும் இல்லை, தாங்களாகவே, ஹேர்பின் மாதிரி. சந்தோஷத்தில் கண் கரித்தது, கேமராவுக்குத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார். “மத்தியானம் எங்கம்மா உக்காருவீங்க?” கேட்டுவிட்டார், வாய் தானாகக் கேட்டுவிட்டது, முப்பது வருஷப் பழக்கம். “எங்கண்ணா உக்கார்றது? நவுராம இருந்தா ஏன் நிக்குறன்னு போனு கேக்கும். மூணு தபா கேட்டுச்சுன்னா ஐடியை மூடிருவான், அப்புறம் வேலையே வராது.” அப்படின்னா சாப்பாடு? அவள் பையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நல்ல ஆள்தான் என்று முடிவு கட்டுகிற பார்வை, அவருக்குத் தெரிந்த பார்வை, டீக்கடை பெஞ்சில் ஒரு முறை பார்த்தது. “அது வந்துண்ணா...” என்றாள்.

ஒன்று. சொல்லிவிடுவாள். இரண்டு, சொன்னால் வேலை கிடைத்துவிடும், இன்றைக்கே, ஸ்ரீநிதி எழுந்து வந்து கை கொடுப்பாள், தமயந்தி போனில் கத்துவாள், மாடி அறை. பேர் எழுத வேண்டாம், பி ஒன்னு, எவ்வளவு சுத்தமான தாள், ஆனால் தாளில் பேர் இல்லாவிட்டால் என்ன, அவர்களுக்குப் பேர் எதற்கு, பேர் வைத்து ஒவ்வொருத்தியாகப் பிடிக்கிற காலம் அந்த மேனேஜர் காலம், இவர்கள் பொத்தானில் ஒரு மாற்றம் செய்வார்கள், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு முறை முகத்தைக் காட்டு என்று போன் கேட்கும், அவ்வளவுதான், நாலாயிரம் பேருக்கும் ஒரே மத்தியானத்தில் சோறு போய்விடும். நான் ஒன்பது பேரைப் பெயர் சொல்லிக் கொடுத்தேன். இவர்கள் பெயரே இல்லாமல் பிடித்துவிடுவார்கள். மூன்று, அந்தப் பெண் ஸ்ரீநிதி நல்லவள், சத்தியமாக நல்லவள், நானும் நல்லவன்தான், நானும் அவர்கள் நன்மைக்காகத்தான் படித்தேன், மேஜையில் தட்டி. நாலு, யசோதாவின் கீழுதடு ஈரமாக அசைந்தது, பையின் காதைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள், கன்னத்தில் ஒரு கற்றை முடி விழுந்திருந்தது. நீங்க கேட்டீங்கன்னுதான். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், வாய் திறந்தது, “இந்த வெயில்ல பஸ்ஸே கெடைக்கிறதில்ல, அதானேம்மா?” என்றார் குணாளன்.

அவள் திகைத்துப் பார்த்தாள். வாசலில் வந்து நின்றவனைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது போல் அந்த வார்த்தை அவள் வாயிலேயே நின்றுவிட்டது. “ஆ... ஆமாண்ணா. பஸ்ஸு கெடைக்காது.” “ஷேர் ஆட்டோவும் சுத்தித்தானே போறான்?” “ஆமாண்ணா, சுத்துவான்.” அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நிசப்தம் வரும், நிசப்தம் வந்தால் அவள் சொல்லிவிடுவாள். பஸ் தடங்களைப் பற்றிப் பேசினார், நிழற்குடை இல்லாத நிறுத்தங்களைப் பற்றி, வெயிலைப் பற்றி, தண்ணீர் கேட்டுக் குடித்தார், தன் முழங்கால் வலியைச் சொன்னார், வாயிற்கூட்டத்தில் பேசுகிற மாதிரி மூச்சு விடாமல் எட்டு நிமிஷம், கேட்கப் போனவன் பேசினான், கல்யாணத்துக்குப் போனவன் தானே தாலி கட்டிவிட்ட மாதிரி. யசோதா தலையாட்டிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண்ணில் சலிப்பு ஏறியது, யாரோ பேச்சு வியாதிக்காரன் என்று முடிவு கட்டிவிட்டாள். கறுப்புக் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. தன் வாழ்நாளின் மிக மோசமான நேர்காணலை அவர் மிகத் திறமையாகச் செய்து முடித்தார், அது தெரிய உலகத்தில் ஒருவரும் இல்லை.

“சார்,” என்றாள் ஸ்ரீநிதி, யசோதா போன பிறகு, அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, “எவ்வளவு அழகா கொண்டுவந்தீங்க. அந்த இடத்துல... அவங்க சொல்ல வந்தாங்க சார். ரெண்டே செகண்ட் சும்மா இருந்திருந்தாப் போதும். ஏழு எண்ணணும்னு நீங்கதானே சொன்னீங்க?” நிகில் மடிக்கணினியை மூடினான். “லீடிங் கொஸ்டின் சார். பதிலை நீங்களே அவங்க வாயில வச்சுட்டீங்க. பரவால்ல, நாளைக்கு அதே அம்மாவை வரச் சொல்லியிருக்கோம், வேற ஒருத்தர் பேசுவாங்க.” நாளைக்கு. அதே அம்மாவை. தொண்டையில் ஒரு முழுப் பேச்சு திரண்டு நின்றது, தோழர்களே என்று தொடங்கி, ஆதாரத்தோடு, உவமையோடு, இந்தக் கண்ணாடி அறை அதிர, நான் கேட்கத் தெரியாதவன் அல்ல, இந்த ஊரிலேயே என்னைப் போலக் கேட்கத் தெரிந்தவன் கிடையாது, நான் ஏன் அப்படிச் செய்தேன் தெரியுமா. அதைச் சொன்னால் யசோதாவைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். சொல்ல முடியாது. முப்பது வருஷத்தில் எதையும் சொல்லாமல் விட்டதில்லை, இதை விழுங்கத்தான் வேண்டும், ஆறு நிமிஷத்துக் கேண்டீன் சோறு மாதிரி, மெல்லாமல். “வயசாயிடுச்சும்மா” என்றார். “பேச ஆரம்பிச்சா நிறுத்த வரமாட்டேங்குது.” ஸ்ரீநிதி லேசாகச் சிரித்தாள், மெயில் வரும் என்றாள், லிப்ட் வரைக்கும் கூட வந்தாள். அவள் நோட்டில் அந்த ஏழு இருக்கும். இருக்கட்டும். நாளைக்கு வருகிற ஆள் அதைப் படித்துவிட்டுத்தான் வருவான். லிப்ட் கீழே இறங்கும்போதுதான் அது புரிந்தது.

வெளியே வெயில் அறைந்தது. அட்டையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்தார், அதே தம்பி, இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். யசோதா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள், துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். ஓடினார், ஐம்பத்து நாலு வயதில் சாலையைக் குறுக்கே கடந்து ஓடினார்.

“இன்னாண்ணா, வேலைக்கு வந்த ஆளுன்னு சொன்னாங்களே, கெடச்சுதா?”

“இல்லம்மா.”

“ஏன்? நல்லாத்தானே பேசுன?”

“அதனாலதான்.”

அவள் சிரித்துவிட்டாள். “தப்பா நெனச்சுக்காத. உனக்குக் கேக்கவே தெர்லண்ணா. நான் ஒண்ணு சொல்ல வந்தேன், நீ வுட்டாத்தானே? நாளிக்கு வேற ஆளு வருதாம், அதுங்கிட்டச் சொல்லிக்கிறேன். நம்ம கஷ்டத்தைச் சொன்னா எதனா பண்ணுவாங்கல்ல? நல்லதுக்குத்தானே கேக்குறாங்க?”

நல்லதுக்குத்தான் கேட்கிறார்கள். அதுதான் தாயே. எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது, சமரச மேஜையிலிருந்தா, ஹேர்பின்னிலிருந்தா, தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது, இவ்வளவு பேசிய வாய்க்கு ஒரு வரி தேவைப்பட்டது, ஒரே வரி. “அம்மா, அந்தப் பையில இருக்கிற போனுங்களைப் பத்தி நாளைக்கு யார் கேட்டாலும் சொல்லாதீங்க. எவ்வளவு அன்பா கேட்டாலும். கேக்குறவங்க வாயை மூடிக்கிட்டு சும்மா உக்காந்தா நீங்களும் சும்மாவே உக்காருங்க.”

அவள் முகம் மூடிக்கொண்டது. கடை ஷட்டர் இறங்குகிற மாதிரி மேலிருந்து கீழே, கண், கன்னம், வாய். பையைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். “எந்தப் போனு? என்னாண்ட ஒரு போனுதான் கீது.” அந்த நேரம் பார்த்துப் பை நடுங்கியது. “நீ கம்பெனி ஆளா? வேவு பாக்கத்தான் வந்தியா? அதான் பஸ்ஸு பஸ்ஸுன்னு என்னைச் சுத்தி வளைச்சியா?” இல்லையம்மா என்று ஒரு கையைத் தூக்கினார், அந்தக் கையைப் பார்த்து அவள் இன்னும் ஓர் அடி போனாள். “நான் உன்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொன்னேனா? சாமி சத்தியமா சொல்லு, நான் எதனா சொன்னேனா?”

குரல் உடைந்திருந்தது. பயம். அவரைப் பார்த்துப் பயம். ஆலை குண்டர்களைப் பார்த்து, போலீஸைப் பார்த்து ஜனங்கள் பயந்து பார்த்திருக்கிறார், தன்னைப் பார்த்து ஒரு பாத்திரம் தேய்க்கிற பெண் பயந்து இப்போதுதான் பார்க்கிறார். பரவாயில்லை. பயந்தால் நாளைக்குப் பேச மாட்டாள். இந்தப் பயம் நாலாயிரம் பேருக்கும் பரவட்டும், இன்று சாயங்காலமே ஆறு மாடியும் ஏறி இறங்கட்டும், கம்பெனி ஆள் ஒருத்தன் வந்தான், நரைத்த தலை, இனிக்க இனிக்கப் பேசினான், ஜாக்கிரதை என்று. சங்கம் கட்டத் தெரியாமல் போனவனுக்கு இதாவது.

“இல்லம்மா,” என்றார். “நீங்க ஒண்ணும் சொல்லல.”

அவள் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. அவர் நிற்கிற பக்கம் திரும்பவில்லை, எதிர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள், பஸ் நகர்ந்தது, கண்ணாடியில் அவள் பின்தலை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. குணாளன் நிழற்குடை இல்லாத அந்த நிறுத்தத்தில் நின்றுகொண்டே இருந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது.

“மாமா, என்ன ஆச்சு?” தமயந்தி. பின்னால் அவள் ஆபீஸ் சத்தம். “என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, ஒரு தண்ணீர் லாரி போயிற்று, மூன்று, நாலு, கண்ணாடிக் கட்டடத்தில் சூரியன் துண்டு துண்டாக உடைந்து கிடந்தது, ஐந்து.

“ஒருத்தி இருந்தா தமயந்தி,” என்றார். “நான் கேட்டேன்னுதான் சொன்னா.”

“யாரு மாமா? எப்போ? பேர் என்ன?”

நாக்கின் நுனியில் வந்து நின்றது, டோக்கன் நம்பரோடு.

“பேர் வேண்டாம்மா,” என்றார் குணாளன்.